மருதானை நீலம்

வியாழக்கிழமை, பதிவுத் தபால்.
கையெழுத்துப் போடும்போது
என் விரலில் ஆர்ட்டீமியா முட்டை ஒட்டியிருந்தது.
புதுக்கடைச் சட்டத்தரணி. மூன்று பக்கம், தடித்த தாள்.
‘மருதானை நீலம்’ என்பது
தன் கட்சிக்காரரின் பதிவுபெற்ற வர்த்தகக் குறி.
பதினான்கு நாளுக்குள்
போத்தல், பை, பதாகை யாவற்றிலிருந்தும் நீக்குக.
மேலே என் பெயர். பக்கத்தில் ‘செயலாளர்’.
பிளேன்ரீக் காசு சேர்ப்பவளை
அதற்குமுன் யாரும் அப்படி அழைத்ததில்லை.

பஸ்லூன் கடிதத்தை வாசிக்கவில்லை,
வெளிச்சத்தில் பிடித்து நீர்க்குறி பார்த்தான்.
ரயில் சிக்னல் அறையில் அவனுக்கு இரவு வேலை.
அங்கேதான் ஜன்னலோரம் ஏழு ஹோர்லிக்ஸ் போத்தல்
(அதுவும் ஒருவருடைய பெயர்தானே),
நாலு வருஷம், பதினொரு தலைமுறை,
வாலில் கறுப்பு விழுந்த கப்பிகளையெல்லாம் ஒதுக்கி ஒதுக்கி
ஒருநாள் ஒரு டிக்கெட்டின் பின்பக்கம் எழுதினான்:
மரு. நீல.
அவ்வளவுதான் பெயர்சூட்டு விழா.

ஞாயிறு, தெமட்டகொடையில் கெலுமின் கராஜ்.
கூட்டம் மூன்று மொழியில்,
ஏச்சு மட்டும் ஒரே மொழியில்.
தர்மிளாவின் ஒன்றுவிட்ட அண்ணன் லோயர்;
ஒரு சோடி மீனுக்கு ஆலோசனை சொல்ல வந்தார்.
‘மருதானை ஆருக்கும் சொந்தமில்லை.
நீலமும் இல்லை.
சேத்துச் சொன்னா அவையின்ர.’
‘முதல் பாவிச்சது நாங்கள்தானே?’
‘சாட்சி?’
ஈரத்தில் ஊறி எழுத்துக் கரைந்த டிக்கெட்டை
பஸ்லூன் மேசையில் வைத்தான்.
வழக்காடும் செலவை நான் மனதில் மீனாக்கிப் பார்த்தேன்.
நானூறு சோடி.

‘வீட்டுக்குள்ள சொல்லலாம். விக்கேக்கதான் சொல்லக்கூடாது.’
‘நாங்கள் விக்கிறதில்லையே, மாத்துறது.
ஒரு சோடிக்கு ஒரு பிடி பாசி.’
லோயர் நெற்றியைச் சொறிந்தார்.
பாசி விலையா இல்லையா என்று
இருட்டும்வரை சண்டை.
யூஜின் கோபித்துக்கொண்டு போனவர்
ஹெல்மெட்டை மறந்து திரும்பி வந்தார்.

‘பஸ்லூன் நீலம்’ என்று மாத்துவோம் என்றேன்.
‘என்ட பேரயும் நாளக்கி ஆராலும் பதிஞ்சிட்டா?’

போன வெள்ளத்தில் கெலுமின் தொட்டி மூன்று கவிழ்ந்து
மீன்கள் கால்வாயோடு போயின.
நுளம்புக்கென்று மாநகரசபைக்காரரும்
இரண்டு வாளி வாங்கிப்போய்க் கான்களில் விட்டார்கள்.
கிராண்ட்பாஸ் வரைக்கும் இப்போது
சட்டவிரோதமாய் நீந்துகிறது.
கானுக்கு யார் கையெழுத்துப் போடுவார்?

டுப்ளிகேஷன் வீதியில் அவர்களின் கடைக்குப் போனேன்,
வாங்க வந்தவள்போல.
கண்ணாடித் தொட்டியில் பெயர் பொன்னெழுத்தில்.
அதன் தோளில் ஒரு சின்ன வட்டம்.
வெண்புள்ளி நோயும் இப்படித்தான் தொடங்கும்,
ஓரமாய், ஒன்றே ஒன்று.
உள்ளே இருந்தது எங்கள் மீனல்ல.
எங்கோ வளர்ந்து விமானத்தில் வந்த மீன்.
பொய் சொல்லக்கூடாது,
எங்களுடையதைவிட வால் அழகு.
அதுதான் பஸ்லூனிடம் இன்னும் சொல்லவில்லை.

மன்னிப்புக் கடிதம் நான்தான் அடித்தேன்.
கெலும் தின்னர் தோய்த்த பழைய சட்டைத்துணியால்
போத்தல் போத்தலாய்த் துடைத்தான்.
எழுத்துப் போன இடம் மட்டும்
மற்றதைவிடத் தெளிவாய்த் தெரிந்தது.
இப்போது கேட்பவருக்கு ‘அது’ என்கிறோம்.
‘அது ரெண்டு சோடி தாங்கோ.’
தருகிறோம்.

பதினான்காம் நாள் இரவு
குசினி வாளியில் பெண்மீன் குட்டி போட்டது.
டோர்ச் அடித்து எண்ணினேன், இருபத்து மூன்று.
மீண்டும் எண்ண இருபத்தைந்து.
எல்லாம் தூசி நிறம்.
அரிசிக் குறுணிக்குக் கண் வைத்ததுபோல்.
நீலம் தெரிய ஆறு கிழமை செல்லும்.
அதுவரை
எதைக்கொண்டு தடுப்பார்கள், எதை?

வாளியை மூடினேன்.
வீட்டுக்குள்தானே,
ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.